மைனஸ் வி

மூன்றாம் இரவு.
ஆப்பிள் தெரிகிறது. அதன் கீழே கோடு
பாதிவரை வந்து நிற்கிறது.
எதிர்க் கட்டிலில் ஃபர்ஹானா
முகத்தில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள்,
திரை வெளிச்சம் படாமல் இருக்க.
பத்து நிமிஷம் என்று அவளிடம் சொன்னது
பதினொரு மணிக்கு.

அபு ஷகாராவில் ஒரு ஹாலை
ஜிப்சம் பலகை வைத்து நான்காக வெட்டியதில்
ஒரு துண்டு இது. மேசை கிடையாது.
பெட்டி சூட்கேஸின் மேல் நிற்கிறது,
ஒரு பக்கக் கதவைக் கழற்றி, குடல் தெரிய.
மதர்போர்டு பர் துபாயில் பழசாக வாங்கியது.
விற்ற இத்ரீஸ் "சலேகா பஹன், சலேகா" என்றான்.
எதில் ஓடும் என்று சொல்லவில்லை.
விசிறியில் அடைந்திருந்த மணலை
புருவம் தீட்டும் தூரிகையால் எடுத்தேன்.
எந்த எமிரேட்டின் மணலோ.

அசல் மேக் என்றால் மூன்று மாதச் சம்பளம்,
வாடகை கட்டாமல், சாப்பிடாமல்.
கல்யாண வீடியோ வெட்டக் கொடுக்கும் அஜ்மான் ஸ்டுடியோக்காரரோ
அதில் வெட்டினால்தான் வாங்கிக்கொள்வார்.
ஆகவே இந்தப் பெட்டிக்கு ஒரு பொய் சொல்லிக் கொடுத்தேன்:
நீ ஐமேக். உன் வரிசை எண் இது.
யார் கேட்டாலும் இதையே சொல்.
இதில் எனக்குக் கூச்சம் இல்லை.
என் விசாவில் தொழில் தையற்காரி.
பகலில் குஸைஸில் பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிறேன்.
ஊசியில் நூல் கோக்கத் தெரியாது.
எல்லா கவுண்டரிலும்
நானும் எப்படியோ பூட் ஆகிவிடுகிறேன்.

குகநேசன் தோஹாவில். இங்கிருந்து
வாட்ஸ்அப்பில் பேச முடியாது, குரல்செய்தி மட்டும் போகும்.
காதோடு ஒட்டிக் கேட்கிறேன்:
"யோசிக்காதேங்கோ. மைனஸ் வி எண்டு போடுங்கோ.
ஆப்பிள் மறையும், எழுத்தா ஓடும்.
எதில நிக்குதெண்டு பாருங்கோ."

ஓடியது.
காலை மெட்ரோவில் நோல் கார்டைத் தட்டித் தட்டி
உள்ளே போகிற வரிசை மாதிரி.
ஒருவன் நின்றான். பின்னால் எல்லாரும் நின்றார்கள்.
கடைசி வரியை மனசுக்குள் தமிழாக்கினேன்:
வேர்ச் சாதனத்துக்காக இன்னும் காத்திருக்கிறது.
அதன் கீழே அதே வரி.
அதன் கீழே அதே வரி.
பிறகு வட்டம், குறுக்கே ஒரு கோடு,
பார்க்கிங் சுவரில் ஒட்டியிருப்பது போல.

எதைத் தேடுகிறாய், மடையா.
பென்டிரைவ் உன் நெற்றியில்தான் குத்தியிருக்கிறது.

மறுபடி பயாஸ்.
விடி-டியை அணைத்தேன். ஒரு ராமைப் பிடுங்கினேன்.
கான்ஃபிக்கில் ஓர் ஆம், இல்லை ஆனது,
பிறகு பயந்து ஆம் ஆனது.
செய்ததையெல்லாம் கரண்ட் பில்லின் பின்புறம் எழுதினேன்.
முதல் வரி: ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.
ஏழாவது வரியில் மூன்றை மாற்றியிருக்கிறேன்.
பலகைக்கு அந்தப் பக்கம் மேரிசெல் இருமினாள்.
அவளுக்கு ஐந்தரைக்கு டூட்டி.

இரண்டு பத்துக்கு இன்னொரு குரல்:
"முன்னுக்கு இருக்கிற நீல ஓட்டை வேண்டாம்.
பின்னால, கீபோர்டு குத்துற கறுப்பு.
அதைத்தான் அதுக்குக் கண் தெரியும்."

பெட்டியைத் திருப்ப இடம் இல்லை.
குப்புறப் படுத்து, ஃபர்ஹானாவின் காலடியில் கைவிட்டு,
தடவித் தடவி.
முதல் தடவை தலைகீழ்.
திருப்பிய தடவையும் தலைகீழ்.
மூன்றாவதில் நுழைந்தது.

எழுத்துகள் வந்தன. நின்ற இடத்துக்கு வந்தன.
தாண்டிப் போயின.
வேர் கிடைத்ததா, எங்கே கிடைத்தது,
அதெல்லாம் சொல்லவில்லை.
சாம்பல் திரை. நடுவே ஒரு சின்ன ஜன்னல்.
எந்த மொழி என்று கேட்டது.

கை தட்ட முடியாது.
ஃபர்ஹானாவின் கால் பெருவிரலைப் பிடித்து ஆட்டினேன்.
துப்பட்டாவுக்குள் இருந்து கேட்டாள்:
"பத்து நிமிஷம் ஆச்சா?"
திரையைப் பார்த்தேன்.
"இன்னும் இருபத்தொன்பதாம்" என்றேன்.